ஏழு பத்து வேனில் ஒரு மதரஸா

1

மெல்போர்னில் நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை ஊரில் யாருக்கும் இதுவரை விளக்க முடிந்ததில்லை. பேருந்துக் கால அட்டவணை போடும் அலுவலகத்தில் இருக்கிறேன். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வர வேண்டும் என்று கணினியில் எழுதுவேன். பேருந்துகள் தங்கள் இஷ்டத்துக்கு வரும். இவ்வளவுதான். என் அக்கா ஜமீலா இதை "பஸ் ஆபீஸ்ல பெரிய ஆபீசர்" என்று சுருக்கி வைத்திருக்கிறாள். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பட்டத்துக்கு நல்ல மதிப்பு. ஆஸ்திரேலியப் பேருந்துகளெல்லாம் காலையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்புகின்றன என்று எங்கள் பள்ளிவாசல் ஜமாத்தில் இரண்டு பேராவது நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கைதான் வினையாகிவிட்டது.

ஊரில் பள்ளிக்கூடம் திறந்த வாரம். இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அக்கா போன் செய்தாள்.

"ரஹீமு, சாப்டுறியா?"

"ஆமாக்கா."

"சாப்டு, சாப்டு. இங்க மதரஸாவ மூடப் போறாங்க."

அக்கா எப்போதும் இப்படித்தான். மரணச் செய்தியைக்கூட குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்வாள்.

விஷயம் இது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலை ஒட்டி ஒரு கூடம் உண்டு. விடிந்ததும் பிள்ளைகள் அங்கே போய் ஓதிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அப்புறம் பள்ளிக்கூடம் போவார்கள். ஆறரைக்குத் தொடங்கி ஏழே முக்கால் வரை மதரஸா. எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தது, ஒன்பதரைக்கு மணி அடித்தது, அதனால் சிக்கல் இல்லை. இப்போது பாதிப் பிள்ளைகள் தருமபுரிக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் மஞ்சள் வேன் ஏழு பத்துக்கு எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறது. ஏழு மணிக்கே பிள்ளைகள் டையைக் கட்டிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். இந்த வருஷம் பல வீடுகளில் மதரஸாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஜமாத் தலைவர் காதர் பாய் அறிவித்துவிட்டாராம்: அடுத்த மாதக் கூட்டம் வரை பார்ப்பது. பிள்ளைகள் வராவிட்டால் மதரஸாவை மூடிவிட்டு, ஓதிக்கொடுக்கும் சமது ஹஜ்ரத்தை அவர் ஊருக்கு அனுப்பிவிடுவது. ஹஜ்ரத்துக்கு வாணியம்பாடிப் பக்கம். மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் எங்கள் ஊருக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. மூத்தவள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவளை நடு வருஷத்தில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவர் மனைவி அக்காவிடம் வந்து அழுதிருக்கிறார்.

"அதனால?" என்றேன்.

"அதனால என்னா அதனால. நீ பஸ் ஆபீசர்தான? டைம சரி பண்ணிக் குடு."

2

நான் போனில் பேசியதைப் பக்கத்து மேசை கிரெக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேச்சுக்கு நடுவே வந்த 'மதரஸா' என்ற சொல் மட்டும் அவனுக்குத் தெரிந்த சொல். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சின்ன வயதில் அங்கே போனதுண்டா?" என்றான். மருத்துவமனையில் கேட்பதுபோல் கேட்டான்.

போனதுண்டு என்றேன்.

"அங்கே என்ன சொல்லித் தருவார்கள்?"

இதற்கு உண்மையான பதிலைச் சொல்லலாம் என்று யோசித்தேன். முதலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைக்கச் சொல்லித் தருவார்கள். அடுத்தது, பாயில் பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் இடிக்காமல் உட்கார. அதற்கப்புறம் அலிஃப், பே. அரபியை வலமிருந்து இடமாகப் படித்துவிட்டு, ஒன்பதரைக்கு அரசுப் பள்ளியில் தமிழை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஏழு வயதுக்குள் எனக்கு இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இன்றைக்கும் சாலையைக் கடக்க உதவுகிறது.

வளரும் நாடுகளின் கல்வியில் மதரஸாக்களின் பங்கு என்ன என்று பெரியவர்கள் தடிதடியாக அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை நான் படித்தும் இருக்கிறேன். சிலர் அதை நோய் என்கிறார்கள், சிலர் மருந்து என்கிறார்கள். என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அதே கூடத்தில்தான், மத்தியானங்களில், அப்போதிருந்த ஹஜ்ரத்தின் மனைவி பெண்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார். அரபி எழுத்துக் கைக்கு வந்ததும், கரும்பலகையும் சாக்பீஸும் சும்மாதானே கிடக்கின்றன என்று தமிழையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். அம்மா பேருந்துப் பலகையைத் தானே படித்து தருமபுரிக்குத் தனியாகப் போய் வந்தது அந்தக் கூடத்தின் புண்ணியம். சர்க்கார் பள்ளி வருவதற்கு முன்பே ஒரு பாயும் ஒரு பலகையும் வந்து உட்கார்ந்திருந்த ஊர்கள் நம் நாட்டில் நிறைய. அறிக்கைகளில் இது ஓரளவு இருக்கிறது. இல்லாதது ஒன்றுண்டு: காலையில் ஒன்றேகால் மணி நேரம் வீட்டில் பிள்ளைகள் இல்லாமல் தாய்மார்கள் நிம்மதியாகச் சமைக்க முடிந்தது. மதரஸா மூடப்படும் என்றதும் எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் பதறியது மார்க்கத்தை நினைத்தா, தோசைக்கல்லை நினைத்தா என்று நான் ஆராயப் போவதில்லை.

கிரெக்கிடம், "செருப்பை வரிசையாக வைக்கச் சொல்லித் தருவார்கள்" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

3

அன்று மாலையே அட்டவணை போட உட்கார்ந்தேன். பச்சை மதரஸா, மஞ்சள் வேன், சிவப்பு மோதல். பார்க்க மிக அழகாக இருந்தது. வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலைகளில் ஒன்று அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் திட்டம்: விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு மதரஸாவைத் தொடங்குவது. அக்கா இதைத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பதிலாக வந்த குரல் செய்திகளைக் கேட்க எனக்கு இரண்டு மதியச் சாப்பாடுகள் தேவைப்பட்டன. அவற்றின் சாரம்: "ஒங்க தம்பி வந்து எங்க வூட்டுப் புள்ளைங்கள எழுப்பிக் குடுப்பாருங்களா?"

இரண்டாம் திட்டம்: மாலை. மாலையில் வேன் திரும்பி வரும்போதே இருட்டு தொடங்கிவிடும், உடனே டியூஷன். டியூஷனுக்கு நடுவே தூக்கம் என்று ஒரு பாடமும் இருக்கிறது.

மூன்றாம் திட்டம்: ஞாயிற்றுக்கிழமை. இதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் ஞாயிறன்று ஹஜ்ரத் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கிரிக்கெட்டிலும் பெற்றோர் பிரியாணியிலும் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவருக்கும் ஒரு தட்டு வந்ததாம்.

நான்காவதாக, வேனை அரை மணி தாமதமாக வரச் செய்யலாம் என்று துணிந்து அந்தப் பள்ளிக்கே போன் செய்தேன்.

"எந்தக் கிளாசுக்கு அட்மிஷனுங்க?" என்றது அலுவலகத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"அட்மிஷன் இல்லைங்க. வேன் டைம் பத்திப் பேசணும்."

"புள்ள பேரு?"

"புள்ள இல்லைங்க. அதாவது இருக்கு, ஆனா மெல்போர்ன்ல."

"அவ்ளோ தூரம் நம்ம வேன் வராதுங்க."

போனை வைத்துவிட்டார். நியாயமான பதில்.

நான் என் தோல்வியை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவள், "அப்ப அங்க எப்பிடிடா பஸ்ஸு ஓடுது?" என்றாள்.

4

இங்கேயும் மதரஸா உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பிற்பகல்களில், ஒரு சமூகக்கூடத்தில். அதே கூடத்தில் எங்களுக்கு முன்னால் நாய்களுக்குப் பயிற்சி வகுப்பு, எங்களுக்குப் பின்னால் பெரியவர்களுக்கு நடன வகுப்பு. மூன்றில் எது அமைதியானது என்று கேட்டால் நான் நாய்களைத்தான் சொல்வேன்.

அங்கே பிஸ்கட் விநியோகிக்க நான் தொண்டனாகச் சேர்ந்தேன். அதற்குப் பிள்ளைகளோடு பழகத் தகுதியானவன் என்று அரசாங்கத்திடம் ஒரு அட்டை வாங்க வேண்டும். கைரேகை தவிர எல்லாம் கேட்டார்கள். நாற்காலியை முதுகு வலிக்காமல் தூக்குவது எப்படி என்று ஒரு பயிற்சி, பிஸ்கட்டில் வேர்க்கடலை இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று இன்னொன்று. இரண்டிலும் தேறினேன். என் சான்றிதழ்களில் பெருமையோடு சட்டம் போட்டு மாட்டக்கூடியவை இவைதான்.

என் மகள் ஸாராவுக்குப் பதினொரு வயது. அவள் போனில் ஒரு செயலி வைத்து ஓதப் படிக்கிறாள். சரியாகச் சொன்னால் பச்சை நட்சத்திரம் விழும். தவறாகச் சொன்னாலும், மனம் புண்படக் கூடாது என்று பாதி நட்சத்திரம் விழும். மூன்று நிமிஷத்துக்கு மேல் அதில் அவள் நிலைத்ததில்லை. நான் சத்தம் போட்டால், "அத்தா, எனக்கு ஆல்ரெடி நானூறு ஸ்டார் இருக்கு" என்பாள். எங்கள் காலத்தில் ஹஜ்ரத் கொடுத்த நட்சத்திரங்கள் வேறு வகை. அவை உள்ளங்கையில் விழும்.

5

இனி நடந்ததைச் சொல்கிறேன். அக்கா, ஹஜ்ரத், வேன் ஓட்டும் மாதையன் ஆகிய மூவரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போவதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் மதரஸாவில் ஒரு வழக்கம். முடியும்போது ஹஜ்ரத் இரு கைகளையும் ஏந்தி இறைவனிடம் துஆ கேட்பார். பிள்ளைகளும் கையை ஏந்துவார்கள். கடைசி ஆமீன் சொல்லும்வரை யாரும் கையை இறக்கக் கூடாது, ஹஜ்ரத்தும் பாதியில் நிறுத்த மாட்டார். சமது ஹஜ்ரத்தின் துஆ நீளமானது. மழை, நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், கடனில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று ஒரு சுற்றுப் போய்த்தான் வரும். மதரஸாவை மூடப் போகிறார்கள் என்றதும் அதற்கும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தார். துஆ இன்னும் நீண்டுவிட்டது. வேனுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அவர் தொடங்கும் நேரத்தை முன்னால் நகர்த்த, துஆ அதற்கும் ஈடுகொடுத்து வளர்ந்தது.

ஒருநாள் அவர் வெளிநாட்டில் இருப்பவர்களிடம், அதாவது என்னிடம், வந்திருந்தபோது வாசலில் வேன் நின்று ஹாரன் அடித்தது. பிள்ளைகள் ஹஜ்ரத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். மறுபடி ஹாரன். ஏந்திய கையை இறக்கினால் குற்றம், வேனை விட்டால் வீட்டில் அடி. ஒரு பிள்ளை கையை ஏந்தியபடியே எழுந்து நின்றது. அப்படியே மற்றவையும் எழுந்தன. புத்தகப் பைகள் முதுகிலேயே இருந்தன. கையால் தொடாமல் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, ஏந்திய கைகளோடு ஊர்வலமாக வாசலுக்கு நடந்தார்கள். ஆமீன் சத்தம் தள்ளிப் போவது கேட்டு ஹஜ்ரத் அரைக் கண் திறந்தார். துஆவைப் பாதியில் விடும் ஆள் அவர் இல்லை. கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தார். கையால் பிடிக்காமல் வேன் படி ஏறுவது சின்னப் பிள்ளைகளுக்குச் சிரமம். முழங்கையால் முட்டுக் கொடுத்து ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைசியில், முடித்துவிட்டு இறங்கிக்கொள்ளலாம் என்று தானும் ஏறி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வேனில் உதவிக்கு இருந்த பெண்மணி முந்தின வாரம்தான் பிள்ளைகளின் சத்தம் தாங்காமல் வேலையை விட்டிருந்தார். அதனால் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் மாதையன் கிளம்பிவிடுவார். யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"தரை நகர்ந்துச்சுங்க. துஆ கபூலாயிடுச்சு, அல்லா ஏத்துக்கிட்டான், அதான் பூமி அசையுதுன்னு நெனச்சிட்டேன்" என்று ஹஜ்ரத் பிற்பாடு என்னிடமே சொன்னார்.

அவர் கடைசி ஆமீனைச் சொல்லிக் கண் திறந்தபோது வேன் அடுத்த ஊரைத் தாண்டியிருந்தது. முந்தின நிறுத்தங்களில் ஏறிய பிள்ளைகளும் சேர்ந்து ஆமீன் சொன்னார்களாம். எல்லாரும் கை ஏந்தும்போது தாங்கள் மட்டும் சும்மா இருப்பது மரியாதையாக இல்லையாம்.

"மாதையண்ணே, வண்டிய நிறுத்துங்க."

மாதையன் கண்ணாடியில் பார்த்தார். "அஜ்ரத்து, நீங்க எப்பங்க ஏறுனீங்க?"

"அது இருக்கட்டும். நிறுத்துங்கண்ணே, காலுல செருப்புகூட இல்ல."

"இங்க எறக்கி வுட்டா நடந்தா போவீங்க? ஸ்கூலுக்கு வந்துட்டு என்னோடவே திரும்பிடலாம். பெல்லடிச்சிருவாங்க, சும்மா ஒக்காருங்க."

சும்மா உட்காருவது ஹஜ்ரத்துக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். பிள்ளைகளெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எழுந்து ஓடவும் வழியில்லை. மதரஸாவில் அவருக்கு ஒருநாளும் வாய்க்காத நிலைமை.

"சரி. நேத்துப் பாடம் யாரு இன்னும் ஒப்பிக்கல?" என்றார்.

6

பள்ளி வாசலில் நின்ற தலைமை சிஸ்டருக்கு அன்று இரண்டு ஆச்சரியம். ஒன்று, தினமும் சந்தைக்கடை போல வரும் பென்னாகரம் வேன் சத்தமில்லாமல் வந்து நின்றது. இரண்டு, அதிலிருந்து வெள்ளை ஜிப்பாவும் தாடியுமாக ஒருவர் வெறுங்காலோடு இறங்கி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்.

"யாரு மாதையா இவரு?"

"மதரஸா அஜ்ரத்துங்க சிஸ்டர். தெரியாம ஏறிட்டாரு."

"தெரியாம ஏறினவரா இத்தனை பேர இப்படிக் கூட்டிட்டு வந்தாரு?"

ஹஜ்ரத் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் அவரைக் காப்பி குடிக்க வைத்து, பள்ளியில் யாரோ விட்டுப்போன செருப்பு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு பேச்சு பேரமாக மாறியது. வெளியாள் யாரும் வேனில் ஏறக் கூடாது என்பது விதி. வேனில் உதவியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்த இடம் காலி. யார் வந்தாலும் பிள்ளைகள் ஒரு மாதத்தில் விரட்டிவிடுகிறார்கள்.

"நீங்களே தினம் வாங்களேன்" என்றார் சிஸ்டர்.

"வர்ற வழியில புள்ளைங்களுக்கு ஓதிக் குடுத்துக்கலாங்களா?"

"உங்க புள்ளைங்களுக்குக் குடுங்க. மத்தவங்களுக்கு?"

ஹஜ்ரத் யோசித்தார். "வாய்ப்பாடு சொல்லித் தரேங்க."

"பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் வருமா?"

"இருபது வரைக்கும் வருங்க."

பேரம் அங்கேயே முடிந்தது. ஆனால் என் பிஸ்கட் அனுபவத்தைக் கேட்டிருந்தால் ஹஜ்ரத் உடனே சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். போலீஸ் சான்றிதழ், கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி, போட்டோ. போட்டோவில் தொப்பியோடா தொப்பியில்லாமலா என்று அலுவலகத்தில் ஒரு நாள் பேசினார்களாம். எல்லாம் முடிந்து கழுத்தில் மாட்டும் அட்டை வந்தது. அந்தப் பள்ளியின் கணினியில் அந்த வேலைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதை மாற்றத் தெரிந்தவர் லீவில் இருந்தார். அட்டையில் இப்படி இருந்தது: அப்துல் சமது, வேன் ஆயா.

அக்கா அந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். "ஆம்பளைய ஆயான்னு போட்டிருக்காங்களே, அஜ்ரத்துக்குக் கோவம் வரலியா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. அப்பறம், அவரு சம்சாரம்தான் சொன்னாங்களாம், வாணியம்பாடிக்கு மூட்ட கட்டுறதுக்கு ஆயாவே மேலுன்னு."

7

இவ்வளவும் ஜமாத் தலைவர் காதர் பாய்க்குப் பிடிக்கவில்லை. "மதரஸான்னா செவுரு வேணும், கூரை வேணும். சக்கரம் வெச்சதெல்லாம் மதரஸாவா? அதுவும் அந்த ஸ்கூல் வண்டியில" என்று பள்ளிவாசலில் சத்தம் போட்டார். இதற்கு ஜமாத் காசில் ஹஜ்ரத்தை வைத்துக்கொள்ள முடியாது, குடியிருக்கிற வீட்டையும் காலி செய்யட்டும் என்றார். வீடு ஜமாத்துடையது. பிள்ளைகள் ஓதுகிறார்களா என்று ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அக்கா வெளியே வாசலில் நின்றே கேட்டாள். சனிக்கிழமையும் அந்தப் பள்ளி உண்டு. சனிக்கிழமை வருகிறேன் என்றார் தலைவர்.

காதர் பாய் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரிடம் எதிர்த்துப் பேசுவதில்லை. பழக்கதோஷத்தில் எல்லாரும் உள்ளே தள்ளிப் போய்விடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை நானும் வேனில் இருந்தேன், போன் வழியாக. மாதையன் ஹஜ்ரத்தின் போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். ஸாராவையும் இழுத்து வந்து உட்கார வைத்தேன். மூன்று நிமிஷம் என்று பேசிவைத்திருந்தோம்.

"அத்தா, இது கிளாஸா, பஸ்ஸா?"

"ரெண்டும்."

ஹஜ்ரத் திரைக்குள் எட்டிப் பார்த்தார். "ஓதுமா பாக்கலாம்." ஸாரா தன் நானூறு நட்சத்திரங்களைக் கேமராவில் காட்டினாள். "அத உள்ள வெச்சுக்கோ. வாயத் தொறந்து ஓது" என்றார். ஓதினாள். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குழந்தையின் குரல்: "மூக்குல வராதுங்கக்கா, தொண்டையில." மொத்த வேனும் தொண்டையில் சொல்லிக் காட்டியது. "ஹஜ்ரத் ஏன் சிரிக்குது?" என்று என் மகள் என்னிடம் தன் தமிழில் கேட்டாள். பிறகு போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

அந்நேரம் காதர் பாய் ஏறினார். இடம் இருந்தும் உட்காரவில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்குளில் இல்லாத பையை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"சரி, போலாம்" என்றார்.

மாதையன் வண்டியை எடுக்கவில்லை. "ஏறுனா மொதல்ல துஆ ஓதணுங்க பாய். எல்லாரும் ஓதுனாத்தான் அஜ்ரத்து ரைட்டு குடுப்பாரு. மத்த புள்ளைங்க வாய்ப்பாடு ஒரு வரி."

வாகனத்தில் ஏறினால் ஓதுகிற துஆ ஒன்று உண்டு. சின்னதுதான். வேன் மதரஸாவின் முதல் பாடமே அதுதான். பிள்ளைகள் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள். காதர் பாய் கம்பீரமாக ஆரம்பித்தார். நான்கு சொல் போயிருக்கும், நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் வண்டியில் ஏறி இறங்கியவர், பாவம், அத்தனை காலமும் டிக்கெட்டைத்தான் பார்த்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். அதே இடம்.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தது. அதோடு விடாமல் முடிவுவரை சொல்லிவிட்டது.

காதர் பாய்க்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லா ஓதுறியே. யாரு வூட்டுப் புள்ள நீயி?"

"மளிகைக் கட செல்வம் வூட்டுப் புள்ளைங்க தாத்தா. கனிஷ்கா."

ஹஜ்ரத் அவசரமாக, "நான் சொல்லிக் குடுக்கலீங்க தலைவரே. அது வாய்ப்பாட்டு வரிசை" என்றார்.

"தினம் காதுல வுழுது தாத்தா, நான் என்ன பண்ணட்டும்" என்றது கனிஷ்கா.

"பாய், பெல்லடிச்சிருவாங்க" என்றார் மாதையன்.

வெளியே சன்னலோரம் நின்றிருந்த அக்கா, "வுட்டுடுங்க அஜ்ரத்து" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. எனக்கும் அதேதான் தோன்றியது. வீடும் வேலையும் கையில் வைத்திருக்கிற மனிதர். நாலு சொல் ஓதினார், போதும், ரைட்டு கொடுத்துவிட்டால் ஆயிற்று. ஹஜ்ரத்தின் முகம் போனுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வை. அவரும் அதைத்தான் நினைத்தார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் பின்னால் அத்தனை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரையும் அவர் ஒருநாளும் அரைப் பாடத்தோடு விட்டதில்லை.

"தலைவர் கோச்சுக்கக் கூடாது. பின் சீட்டுல ஒண்ணாங் கிளாஸ் புள்ளைங்களோட ஒக்காருங்க. பாடம் வந்ததும் சொல்லுங்க" என்றார். பிறகு, மாதையன் பக்கம் திரும்பி, "ரைட்டு."

முடிந்தது கதை என்று நினைத்தேன். காதர் பாய் கம்பியை விட்டார். பின்னால் போய், முழங்கால் தாடையை இடிக்க, இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. இண்டூர் தாண்டியதும் படம் உறைந்து, தொடர்பு அறுந்துபோனது.

இங்கே நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஹஜ்ரத்தின் பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று மனத்துக்குள் அட்டவணை ஓடியது. என் அட்டவணைகளின் லட்சணம் தெரிந்ததால் அதையும் நிறுத்தினேன். மூன்று நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது, ஸாரா இடத்தை விட்டு எழவில்லை. "அந்தத் தாத்தா பாஸா, ஃபெயிலா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து மாதையன் வீடியோவில் அழைத்தார். பள்ளி வாசல். பிள்ளைகள் இறங்கி உள்ளே போய்விட்டார்கள். காதர் பாய் கடைசியாக, காலை உதறிக்கொண்டு இறங்கினார். ஹஜ்ரத் கழுத்தில் ஆயா அட்டையோடு கைகட்டி நின்றார். இரண்டு பேரும் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதை மறந்துவிட்டிருந்தார்கள்.

"வர்ற கூட்டத்துல மூடுறதப் பத்திப் பேசலாம்னு இருந்தேன்" என்றார் காதர் பாய்.

"சரிங்க தலைவரே."

"அதப் பேச இப்ப நேரமில்ல." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "திங்கக்கெழம எனக்கு என்னா பாடம்?"

ஹஜ்ரத் கட்டியிருந்த கையை இறக்கினார்.

"அதேதாங்க," என்றார். "நீங்க இன்னும் ஒப்பிக்கல."